சக்கிடுத்தார் செல்லப்பாவும் தீவக வாசிகசாலைகளும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய தமிழ்ச் சாசனம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லிலே, பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்குவதற்கு அபயம் அளித்தும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்துபோனால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மிகுதி உடையவனுக்கும் சேரும் என்றும், வேறு சரக்கு ஏற்றிவந்த கலமாயின் பாதிக்குப் பாதி என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட அரசன் ஒருவன், தன் ஆணையை அரண்மனைப் பெட்டகத்தில் ஏடாக வைத்துப் பூட்டாமல், அதனால் பயன்பெற வேண்டியவர்கள் வந்திறங்குகிற கடற்பிரதேசத்திலே, அங்கே வழங்கிய பாஷையிலே, எவரும் சென்று வாசிக்கக்கூடிய இடத்திலே நாட்டுவித்தான். கலம் உடைந்து கரைசேர்ந்த வணிகன் அதிகாரியின் தயவை வேண்டி நில்லாமல், கல்லைக் காட்டித் தன் பங்கைக் கேட்கலாம். எழுத்து பொதுவில் இருக்குமிடத்தில், தயவாக இருந்தது உரிமையாக மாறுகிறது. பொது நூலகம் என்னும் ஸ்தாபனத்தின் சாரமும் அதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் அந்த ஸ்தாபனம் தோன்றி வளர்ந்து, அழிந்து, மீண்ட சரித்திரத்தை இந்த ஓர் உண்மையை முன்வைத்தே நாம் ஆராய வேண்டும்.

தீவகத்தில் அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்னும் வாசிப்பு இருந்தது. ஏடுகள் இருந்த வீடுகள் சில, அவற்றை வாசிக்க வல்லோர் அவற்றினும் சிலர், கேட்போரோ பலர். கோயில்களில் புராண படனம் நடக்கும்போது ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுதப் படிக்க அறியாத உழவரும் கடலோடிகளும் பெண்களும் சிறுவர்களும் இரவு நெடுநேரம் இருந்து கேட்பார்கள். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலிய இடங்களின் கத்தோலிக்க மக்களிடையே, நாட்டுக்கூத்தும் பாடுகளின் காலத்து வாசிப்பும் இதே பணியைச் செய்தன. ஆகவே, நூலின் பொருள் ஊராருக்குப் பொதுவாகவே இருந்தது. ஆனால் நூல் என்னும் பொருளோ வீட்டுக்குரியது. அது பெட்டிக்குள் இருந்தது. ஏட்டுக்காரர் மனம் வைத்தால் வெளியே வரும். மனம் வையாவிட்டால் செல்லரித்துப் போகும். எத்தனையோ தமிழ் ஏடுகள் இவ்வாறு அழிந்துபோனமை, அவற்றைத் தேடி அலைந்த பதிப்பாசிரியர்களின் முன்னுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் அச்சியந்திரம் நிலைகொண்டது. 1841இல் உதயதாரகை தோன்றியது. ஆறுமுக நாவலரின் முயற்சியால் சைவ நூல்கள் பிழையற்ற பதிப்புகளாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. 1889இல் இந்து சாதனம் வந்தது. அடுத்த நூற்றாண்டில், 1930ஆம் ஆண்டு ஒன்றிலேயே வீரகேசரி கொழும்பிலும் ஈழகேசரி யாழ்ப்பாணத்திலும் பிறந்தன. 1932இல் தினகரன் சேர்ந்துகொண்டது. புராணத்தை ஒருமுறை கேட்டு ஆண்டு முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கலாம். பத்திரிகையையோ ஒவ்வொரு நாளும் வாங்கவேண்டும். ஒவ்வொரு வீட்டாரும் நாள்தோறும் பத்திரிகை வாங்குதல் அக்காலத்துத் தீவகத்தில் நினைத்துப் பார்க்க முடியாத செலவு. எனவே பலர் சேர்ந்து ஒன்றை வாங்கி, ஒரு பொது இடத்தில் வைத்து, மாறி மாறி வாசிக்கும் வழக்கம் பிறந்தது. அந்த இடத்தை யாழ்ப்பாணத்தார் வாசிகசாலை என்று அழைத்தார்கள். பின்னர் அவற்றுட் பல சனசமூக நிலையங்கள் என்று பெயர்கொண்டு பதிவுபெற்றன. ஆயினும் முதியோர் வாயில் இன்றைக்கும் வாசிகசாலை என்ற பெயரே வருகிறது.

இவ்வாசிகசாலைகளின் பொருளாதாரம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. தீவகம் மழையை நம்பிய மண். கிணற்று நீர் பல இடங்களில் உவர். பயிர்செய்து செல்வம் சேர்த்தல் அரிது. ஆகையால் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய ஊர்களிலிருந்து ஆடவர்கள் இளவயதிலேயே கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் சென்று, கடைகளில் வேலை பழகி, பின் தாமே கடை வைத்து முதலாளிகளாயினர். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தினாலேயே கோயில்கள் திருப்பணி கண்டன, பள்ளிக்கூடங்கள் எழுந்தன, வாசிகசாலைகளும் அமைந்தன. ஒரு விறாந்தை, ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்குகள், பூட்டுப்போட்ட அலுமாரி ஒன்று, மாலையில் வந்து கதவைத் திறந்து விளக்கேற்றும் இளைஞர் சிலர் என்பவையே அவற்றின் முழுச் சம்பத்து. கண் மங்கிய கிழவருக்கு ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, சுற்றியிருந்தோர் கேட்டுத் தர்க்கிக்கும் காட்சியிலே புராண படனத்தின் தொடர்ச்சியை எவரும் காணலாம். தீவகத்தாரின் தருமசிந்தை இதனாற் பெருமை பெற்றது; அதனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. கட்டடம் ஒருநாட் கொடை. பத்திரிகையும் புத்தகமும் நாட்கொடை. கட்டடத்துக்குக் கொடுப்பவனுடைய பெயர் கல்லில் வெட்டப்படும். அடுத்த ஆண்டின் பத்திரிகைச் சந்தாவைக் கொடுப்பவனுக்கோ கல்லும் இல்லை, மாலையும் இல்லை. முதலாளியின் வியாபாரம் நொடித்தால் சந்தா நிற்கும். அவர் காலஞ்சென்றபின் பிள்ளைகளுக்கு அதில் சிரத்தை இல்லையாயின் அலுமாரிச் சாவி எங்கே என்று தேடுவார் இரார். கொடையாளன் இருக்கும்வரை இருப்பதும், அவன் போனால் போவதுமாகிய கொடையை நிலையான தருமமாக ஆக்குவது எப்படி? இந்த வினாவுக்கு விடை கண்டவர் பெருஞ்செல்வர் எவருமல்லர். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் சக்கிடுத்தாராக, அதாவது காரியதரிசியாக, உத்தியோகம் பார்த்த கே. எம். செல்லப்பா என்னும் ஒருவர்.

1933ஆம் ஆண்டில் செல்லப்பா தம்மிடமிருந்த புத்தகங்களைத் தம் வீட்டிலேயே வைத்து, வேண்டியோருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அக்காலத்தை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். காந்தியடிகள் 1927இல் யாழ்ப்பாணத்துக்கு வந்துபோன நினைவு மறையாதிருந்தது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்படி ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் முயற்சியால் அவ்வாண்டுத் தேர்தலே குடாநாட்டில் பகிஷ்கரிக்கப்பட்டிருந்தது. நாட்டின் காரியங்களைத் தீர்மானிக்கும் பொறுப்பு சாதாரணப் பிரஜையின் கைக்கு வந்துவிட்டது. அப்பொறுப்புக்கு வேண்டிய அறிவைப் பெறும் வழியோ ஆங்கிலக் கல்லூரிகளின் மதிலுக்குள்ளும், வசதி படைத்தோரின் வீட்டு அலுமாரிகளுக்குள்ளும் இருந்தது. இந்த இடைவெளியைக் கண்ட செல்லப்பா, வீட்டிலிருந்து இரவல் கொடுப்பதோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்துக்கு இலவசமான ஒரு மத்திய தமிழ் நூலகம் வேண்டும் என்று பிரமுகர்களுக்கும் பொதுமக்களுக்கும் விண்ணப்பம் செய்தார்.

1934ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஒரு கூட்டம் கூடியது. நீதிபதி சி. குமாரசுவாமி தலைவராகவும், வணக்கத்துக்குரிய ஐசாக் தம்பையா உபதலைவராகவும், செல்லப்பா இணைக் காரியதரிசிகளுள் ஒருவராகவும் அமைந்த குழு ஏற்பட்டது. ஐசாக் தம்பையா கிறிஸ்தவ குருவானவர். ஆயினும் தாயுமானவரின் பாடல்களில் ஆழ்ந்து, அவற்றை ஆங்கில உலகுக்கு எடுத்துக்காட்டும் நூல் ஒன்றை 1925இல் வெளியிட்டவர். சைவரும் கிறிஸ்தவரும் தத்தம் கல்லூரிகளைத் தத்தம் சமயத்தின் அரணாகக் கருதிய காலத்தில், இருதிறத்தாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, எந்தச் சமயத்துக்கும் உரியதல்லாத ஒரு கல்வி ஸ்தாபனத்தைப் பற்றி ஆலோசித்தார்கள் என்பது சிறிய காரியமன்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 1ஆம் தேதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடும் சில பத்திரிகை சஞ்சிகைகளோடும் நூலகம் திறக்கப்பட்டது.

திறந்து ஐந்து மாதம் சென்றபின், 1935ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி, அந்நூலகம் யாழ்ப்பாண நகரசபையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. என் மனத்துக்கு, செல்லப்பாவின் வாழ்க்கையில் மிகப் பெரிய செயல் இதுவே. புத்தகங்களைச் சேர்த்தவர்கள் உலகில் அநேகர்; சேர்த்ததைப் பிறருக்கு இரவல் கொடுத்தவர்கள் சிலர்; தம் கையால் உண்டாக்கியதைத் தம் கையை விட்டு நீக்கி, தம் பெயரையும் அதன்மேல் வையாமல், நகரத்தாரின் வரிப்பணம் அதனைத் தாபரிக்கும்படி செய்தவர்கள் மிகச் சிலர். குழந்தையைப் பெற்றுப் பேணி, தக்க இடத்தில் கன்னிகாதானம் செய்துகொடுக்கும் தந்தையைப் போல, பிரிவே நன்மை என்று உணர்ந்து கொடுத்தார். அன்று தொட்டு, அந்நூலகத்துக்குப் போகும் பிள்ளை எவருக்கும் கடமைப்பட்டவனல்லன். அவனுடைய தகப்பன் கட்டிய வரியில் ஒரு துளி அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

உலக சரித்திரத்தில் இதே உண்மையை வேறொரு வழியில் அறிந்தவர் ஆண்ட்ரூ கார்னகி. உருக்கு வியாபாரத்தில் பெருநிதி சேர்த்த அவர், 2,509 நூலகக் கட்டடங்களுக்குப் பொருள் வழங்கினார். ஆனால், ஊரார் நிலம் கொடுக்கவேண்டும். கட்டடத்துக்குத் தாம் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊராரின் சபையே அதன் நிர்வாகத்துக்குச் செலவிட இணங்கவேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தார். தமிழ்நாட்டிலும், சீர்காழியிற் பிறந்து நூலக விஞ்ஞானத்துக்கு 1931இல் ஐந்து விதிகளை வகுத்த எஸ். ஆர். ரங்கநாதனுடைய இடையறாத பிரயாசையினால், 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, நூலகத்துக்கென்றே வரி விதிக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய முதற் சட்டங்களுள் அது ஒன்று. கோடீசுவரருக்கும் சட்டமன்றத்துக்கும் புலப்பட்ட அந்த நெறியை, மாதச் சம்பளத்தில் வாழ்ந்த செல்லப்பா, சென்னைச் சட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னமே யாழ்ப்பாணத்தில் நடைமுறைப்படுத்தினார்.

நகரசபை மாநகரசபையாக உயர்ந்தபின் நூலகத்துக்குத் தகுந்த மாளிகை ஒன்றை எழுப்பும் எண்ணம் வலுப்பெற்றது. நகரபிதா சாம் சபாபதியின் காலத்தில் களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டலாபச் சீட்டுகளும் நடத்தி நிதி திரட்டப்பட்டது. சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த அயர்லாந்துக் குருவானவர் லோங் அடிகள் அப்பணியைத் தம் பணியாகவே ஏற்று உழைத்தார். ரங்கநாதன் ஆலோசனை கூற, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட முறையில் வரைபடம் அமைத்தார். 1959ஆம் ஆண்டு அக்டோபரில் நகரபிதா அல்பிரட் துரையப்பா அம்மண்டபத்தைத் திறந்துவைத்தார். முன்றிலிலே கலைமகள் வீற்றிருக்க, அருகே லோங் அடிகளின் சிலையும் பின்னர் இடம்பெற்றது. 1945இல் வந்த இலவசக் கல்வித் திட்டத்தின் பயனாக அக்காலத்திலே தீவகத்துப் பிள்ளைகள் பெருந்தொகையாக மேற்படிப்பை நாடலாயினர். நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் வள்ளம் ஏறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைப் பாலத்தால் நகருக்குள் நுழைவோர்க்கு, பாலம் முடிந்து சிறிது தூரத்திலேயே அந்த வெண்ணிற மாளிகை நின்றது. ஊர் வாசிகசாலையில் பத்திரிகை வாசிக்கப் பழகியவனுக்கு அங்கே பல்லாயிரம் நூல்கள் காத்திருந்தன.

வாசிகசாலைப் பண்பாடு வளர்ந்த அந்த மண் உலகுக்குத் தந்த ஒருவரை இவ்விடத்தில் நினைக்காமல் இருத்தல் தகாது. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி பிறந்து, அந்தோனியார் கல்லூரியிலும் பின் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் கற்று, உரோமையிலும் அண்ணாமலையிலும் உயர்கல்வி பெற்ற தனிநாயகம் அடிகள், நூலகங்களின் யாத்திரிகர் என்று சொல்லத் தக்கவர். 1554இல் லிஸ்பனில் அச்சிடப்பட்ட தமிழ்ச் செபநூலையும், அந்தாம் தெ புரோவென்சா இயற்றி 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் ஐரோப்பிய நூலகங்களிலே கண்டு, அவற்றின் பெருமையைத் தமிழுலகுக்கு அறிவித்தார். அகராதியைக் கண்டதோடு அமையாமல், அதன் உருவப் பதிப்பை 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே, தமிழாராய்ச்சிக்கு வேண்டிய ஆங்கிலம் முதலிய மொழி நூல்களின் விவரணப் பட்டியல் ஒன்றையும் தொகுத்து அளித்தார். தூரதேசத்து நூலகத்தில் கற்றோர் சிலரே தொடக்கூடியதாக இருந்த கிரந்தத்தை, எந்த ஊர் நூலகத்திலும் எந்த மாணவனும் விரித்துப் படிக்கும்படி செய்த அச்செயல், செல்லப்பாவின் செயலோடு ஓரினமானது.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் தேதி இரவு, அப்போது யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டிருந்த பொலிஸாராலும் காடையராலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெற இயலாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழி வித்துவானாகிய தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். அந்தத் துயரத்தை வருணிக்க நான் முயலவில்லை. அது பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஒன்றை மட்டும் குறிக்க விரும்புகிறேன். ஒரு தனவந்தரின் நூற்கூடம் எரிந்திருந்தால் அவருடைய சுற்றத்தார் அழுதிருப்பார்கள். அன்றோ, அந்நூலகத்துக்குள் ஒருபோதும் காலடி வையாத மீனவரும் கமக்காரரும் தம் வீட்டுப் பொருள் எரிந்ததாகவே உணர்ந்தார்கள். அவ்வுணர்ச்சிக்கு வித்திட்டது, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அந்த ஒப்படைப்பே. அதனாலேதான், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே அது மீண்டும் எழுந்தது. இன்று வாசகர்களுக்குத் திறந்திருக்கிறது.

இதனோடு தீவக வாசிகசாலைகளின் கதியை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் யுத்தம் தீவகத்தை அடைந்தபோது, ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களிற் பெரும்பாலோர் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தனர். குடாநாட்டுக்கும், வன்னிக்கும், கொழும்புக்கும், பின் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சிதறினர். ஊர் வெறுமையானபோது, ஊராரின் தனிப்பட்ட அன்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டிருந்த வாசிகசாலைகளுக்கு வேறு பற்றுக்கோடு இருக்கவில்லை. கூரை இழந்த சுவர்களும், கதவிழந்த அறைகளும் மிஞ்சின. இரண்டும் அழிவைக் கண்டன. ஒன்று பொது ஸ்தாபனமாக இருந்தமையால் அதன் மீட்சி பொதுக் கடமையாயிற்று. மற்றவற்றின் மீட்சி, திரும்பி வந்த சிலருடைய நினைவையும், கடல்கடந்த சிலருடைய கருணையையும் பார்த்திருக்க நேர்ந்தது.

அந்தக் கருணை குறைவில்லாமலே வந்திருக்கிறது. முன்னாளில் கொழும்புக் கடையிலிருந்து வந்த பணம் இந்நாளில் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வருகிறது. புலம்பெயர்ந்தோர் தம் ஊர்ச் சரித்திரத்தைத் திரட்டி மலர்கள் வெளியிடுகிறார்கள். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் ஊர் மலர்களும் ஆயிரக்கணக்காகச் சேர்ந்து, உலகின் எந்த மூலையிலிருப்பவரும் விலையின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. செல்லப்பா விரும்பிய இலவசத் தமிழ் நூலகத்தின் ஒரு வடிவம் இது என்று சொல்வதில் தவறில்லை. எனினும், திரையில் வாசிக்கும் வசதி, ஆறு வயதுப் பிள்ளைக்குப் படப்புத்தகத்தையும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவிக்கு அமைதியான ஒரு மேசையையும், முதியவருக்கு அன்றையப் பத்திரிகையையும் கூட்டாளியையும் தந்துவிடாது. அவை ஊருக்குள்ளே, நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டியவை.

இன்று தீவகத்திலே வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய நான்கு பிரதேச சபைகள் இருக்கின்றன. பொது நூலகத்தை நடத்துதல் உள்ளூராட்சிச் சபைகளின் கடமைகளுள் ஒன்று. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த தேசிய நூலகச் சபை அவற்றுக்குத் துணைநிற்கக் கடமைப்பட்டது. தம் ஊருக்கு நூலகம் அமைக்க விரும்பும் கொடையாளருக்கு இவ்வேற்பாட்டைக் காட்டிலும் உறுதியான நிலம் வேறு கிடையாது. கட்டடத்துக்குக் கொடுப்பதற்கு முன், ஆண்டுதோறும் புதுப் புத்தகம் வாங்குவதற்கு நிதி எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்கவேண்டும். நூலகருக்குச் சம்பளம் கொடுக்கச் சபை உடன்படுமா என்று எழுத்திற் பெறவேண்டும். தம் வீட்டு அலுமாரியிலுள்ள பழைய மலர்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பட்டியலிட்டு, எண்ணிமப் பிரதி எடுத்து, மூலத்தைப் பொதுவில் வைக்கவேண்டும். இவற்றையெல்லாம் செய்தபின் கையை எடுத்துவிடவேண்டும். கடைசிக் காரியமே எல்லாவற்றினும் கடினம். 844 புத்தகங்களோடு தொடங்கிய ஒருவர் ஐந்து மாதத்தில் அதனைச் செய்து காட்டினார். கொடுத்தவருடைய பெயரை அறியாத பிள்ளையும், தன் உரிமை என்ற நினைவோடு சென்று ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கக்கூடிய நூலகத்தை ஒவ்வொரு தீவிலும் நிலைநிறுத்துவதே, வித்தியாதானத்திற் சிறந்து விளங்கிய தீவகத்தார் அந்தச் சக்கிடுத்தாருக்குச் செய்யவேண்டிய மரியாதை.